கொண்டு வா என்றுதான் சொன்னார்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். அஞ்சாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. வரி கோணிப் போகும், சொன்னதையே மறுபடியும் சொல்லுவேன், ஆள் பேரும் வருஷமும் மறந்து மறந்து போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்களே என்றுதான் சம்மதித்தேன்.

காலேஜில் இப்போது பெண்பிள்ளைகளும் கால்பந்து விளையாடுகிறார்களாம். அவர்களுடைய விளையாட்டு டீச்சர் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒருத்தி கையில் பந்து இருந்தது. வாங்கி மடியில் வைத்து உருட்டிப் பார்த்தேன். வாய் எங்கே என்று விரல் தேடியது. இந்தப் பந்துக்கு வாயே கிடையாதாம். ஊசி குத்திக் காற்றடித்தால் போதுமாம். பழைய காலத்தில் பந்து தைத்த ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று யாரோ சொல்லித் தேடி வந்திருக்கிறார்கள். காலேஜ் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். அந்தப் பந்து வைத்திருந்த பிள்ளை கேட்டாள், “அப்ப நீங்க ஒருபாடு மேட்ச் பாத்திருப்பிய, இல்லியா ஆச்சி?” நான் சாயா போடப் போகிறதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

காலேஜ் பேரை எழுதவில்லை. நம்ம பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, ஜில்லா பிரிந்து மதராஸோடு சேரவில்லை. அவ்வளவு போதும்.

என் வீட்டுக்காரர் அங்கே மார்க்கராக இருந்தார். மார்க்கர் என்றால் மைதானத்துக்குச் சுண்ணாம்புக்கோடு போடுவது, வலை கட்டுவது, பந்து, மட்டை, ஜெர்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது. பந்து பிரிந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து தைப்பார். நான் பக்கத்தில் இருந்து நூலுக்கு மெழுகு பூசிக் கொடுப்பேன். பிறகு நானே தைக்க ஆரம்பித்தேன். மயிலாடியில் எங்கள் அப்பா கல் கொத்துகிறவர். ஒரே இடத்தில் குனிந்து உட்காருவது எனக்குப் பிறவிப் பழக்கம். தோலைத் தொட்ட கையோடு அடுக்களைக்குள் வராதே என்று அம்மா மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பாள். கலியாணம் முடிந்து ரொம்ப காலம் ஆகவில்லை, அவருக்குக் காய்ச்சல் வந்தது. போய்விட்டார். எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது. அம்மாவையும் நான்தான் பார்க்க வேண்டும்.

வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது டைரக்டர் சார். விளையாட்டுக்கு அவர்தான் தலைமை. பையன்கள் அவருக்குத் தெரியாமல் டிரில் மாஸ்டர் என்பார்கள். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். பெண்ணாள் மார்க்கரா என்று ஆபீசில் சிரித்தபோது, பந்து தைக்க மீசை எதுக்கு என்று கேட்டாராம். ஆனால் தற்காலிகம்தான். வருஷம் முடிவதற்குள் ஸ்திரமாக்கவில்லை என்றால் ஆம்பிளை ஒருத்தனைப் போட்டுவிடுவார்கள். கோடு போடவும் வலை கட்டவும் தோட்டக்காரரை வைத்துக்கொண்டார்கள். சாமான் அறை என் பொறுப்பு.

அவருடைய ரீதியைச் சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் அறை வாசலில் நிற்பார், உள்ளே கால் வைக்க மாட்டார். என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். கதவு நிலையைப் பார்த்துத்தான் பேச்சு. “மூணாம் நம்பர் பந்துல தையல் இளகியிருக்கு” என்று நிலைக்கு ஒரு தகவல் சொல்லுவார். தைத்து வைத்த பந்தை எடுத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்துவார், காதோரம் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். சரியாக இருந்தால் “ம்”. சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் மேசையில் திரும்ப வைப்பார். அந்த “ம்” ஒன்றுக்காக நான் பாடுபட்டேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்துப் பந்து தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளியே தோல், உள்ளே ரப்பர் பை. பிளாடர் என்பார்கள். தோலில் ஒரு பக்கம் கீறல் மாதிரி வாய் இருக்கும். வாய் வழியாகப் பையை உள்ளே திணித்து, அதன் குழாயை வெளியே இழுத்து, பம்பை வைத்துக் காற்றடித்து, குழாயை மடக்கிச் சணலால் இறுக்கி, உள்ளே தள்ளி, மேலே தோல் நாக்கை மூடி, வார் கோத்துக் கட்ட வேண்டும். வார் கோக்கிற கொக்கி ஊசி பையில் பட்டால் காற்று முழுக்கப் போயிற்று, முதலில் இருந்து தொடங்கணும். வாரின் முடிச்சு மேலே துருத்தி நிற்கக் கூடாது. பையன்கள் தலையால் முட்டும்போது நெற்றியைக் கிழித்துவிடும். முடிச்சை உள்ளே புதைத்து, கையால் தடவினால் வார் இருப்பதே தெரியக் கூடாது. அப்படித்தான் கட்டுவேன். நம்ம பையன்கள் பாதிப்பேருக்கு மேல் வெறுங்கால். அதனால் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைக்கச் சொல்லியிருந்தார் சார்.

ஆளைப் பார்த்துப் பேசாமல் செய்யக்கூடிய வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் காலேஜ்களுக்குள் நடக்கிற ஷீல்டு போட்டியில் முதல் மேட்ச் வெளியூரில். பஸ் புறப்படுகிற நேரம், பந்துப் பையை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸுக்கு நேர் எதிரே போய் நின்றேன். வெள்ளைச் சீலை. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுக் கீழே துப்பினார். பையன்கள் தோற்றுத் திரும்பினார்கள்.

கேப்டன் பேர் தாணு. நெல்லு விளைகிற ஊர்ப்பக்கத்துப் பண்ணைக் குடும்பம், மரியாதையான பையன். அடுத்த மேட்சுக்கு முந்தின நாள் வந்து தலையைச் சொறிந்தான். “அக்கா ஒண்ணும் நினைக்காண்டாம். நாங்க பஸ்ஸு ஏறி வளைவு திரும்பினப்பறம் நீங்க வெளிய வந்தா போரும்.” சரி என்றேன். அந்த முறை ஜெயித்தார்கள்.

அப்போதே எனக்குக் கொஞ்சம் விளங்கிவிட்டது.

அதற்கு அடுத்தது நம்ம மைதானத்தில். சாமான் அறைக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். நான் வாசலில் வந்து நின்றால் தெரியும். தாணு கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னான். ஜெயித்தார்கள். அடுத்த தடவை வெளியே கொண்டி போட்டார்கள். ஜெயித்தார்கள். கொண்டியில் பூட்டும் ஏறியது. ஜெயிக்க ஜெயிக்க அது கட்டாயச் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. வெளியூர் மேட்ச் என்றாலும் பஸ் புறப்படும் முன் என்னைப் பூட்டிவிட்டு, சாவியைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

பூட்டுகிற சோலி கோல் காக்கிற சூசைக்கு. கடப்புறத்துப் பையன், வாய் நிறையப் பேச்சு. “அக்கா, எங்க அப்பன் வள்ளம் தள்ளும்போ பூனை, மொட்டைத்தலை, பொம்பிளையள் எல்லாத்தையும் மாறி நிக்கச் சொல்லுவாரு. எல்லாரும் மாறி நிப்பாவ. அப்பிடியும் மனுசன் மீனில்லாமத்தான் வருவாரு, கேட்டியளா?” என்று சொல்லிக்கொண்டே பூட்டுவான். சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பூட்டுவான்.

டைரக்டர் சாருக்கு இதெல்லாம் தெரியும். ஒரு நாள் வாசலில் நின்று நிலையைப் பார்த்துச் சொன்னார்: “பட்டாளத்துல நாங்க சகுனமெல்லாம் பாக்கிறதில்ல. இது பயலுவளுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான். நீ உள்ள இருந்தா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?” போகத் திரும்பியவர், “ஷீல்டு வரட்டும். காலேஜ் மேனேஜர்ட்ட சொல்லி உன்னை ஸ்திரமாக்கிரலாம்” என்றார்.

அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேட்ச் நாளில் நானே போய் உட்கார்ந்து, நானே கதவைச் சாத்திக்கொண்டு, கொண்டி விழுகிற சத்தத்துக்குக் காத்திருப்பேன். சூசை வரத் தாமதித்தால் எனக்குத்தான் பதற்றம்.

அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அது பின்பக்கம், பனைமரமும் ஒரு எருமையும் தெரியும். ஆட்டம் எனக்குக் காதுக்குத்தான். வெறுங்காலில் பந்து பட்டால் ஒரு சத்தம், பூட்சில் பட்டால் வேறு சத்தம். ஆகவே பந்து நம்மிடம் இருக்கிறதா அவர்களிடம் இருக்கிறதா என்று ஓரளவு தெரியும். ஜனங்கள் சேர்ந்து மூச்சை இழுத்தால் பந்து கோலுக்குப் பக்கத்தில். கத்தினால் நமக்கு. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அவர்களுக்கு. கிழிந்த ஜெர்சியைத் தைத்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் கட்டின வாரும் முடிச்சும் அங்கே உருண்டுகொண்டிருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்.

நம்ம மைதானத்தில் நடந்த ஒரு மேட்சில் பெரிய காலேஜ் ஒன்றை ஜெயித்துவிட்டார்கள். தாணுவைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளம் பிடித்து, ஊர்வலமாக டவுனுக்குப் போனார்கள். சூசையும் போய்விட்டான், சாவி அவன் நிக்கரில். சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் ஆயிற்று. எருமையை ஓட்டிக்கொண்டு போனார்கள். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். எப்படிக் கூப்பிடுவது? யார் பேரைச் சொல்லி? பெண்ணாள் பூட்டின அறைக்குள் இருந்து கத்தினால் ஊர் என்ன சொல்லும்? சும்மா இருந்தேன். தோட்டக்காரர் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர் உள்ளே இருமல் கேட்டுக் கொண்டியைப் பெயர்த்துத் திறந்தார்.

வீட்டில் அம்மா வாசலில் நின்றாள். “ஏட்டி, ஏன் இத்தற நேரம்?” என்றாள். சொன்னேன். “ஜெயிச்சாவளா?” என்று கேட்டாள். ஜெயிச்சாவ என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிக் கஞ்சி ஊற்றினாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கும் அந்த ஸ்திரம் வேண்டியிருந்தது.

மறுநாள் சூசை வந்து காலைப் பிடிக்காத குறை. தாணு வரவில்லை. சார் நிலையைப் பார்த்து, “இனி சாவி என் கையில இருக்கட்டும்” என்றார். அதோடு முடிந்தது.

கடைசி மேட்ச் நம்ம மைதானத்தில், வடக்கே இருந்து வந்த காலேஜோடு. காலையிலேயே சாரல். மேசை போட்டு, சிவப்புத் துணி விரித்து, ஷீல்டைத் துடைத்து வைத்திருந்தார்கள் என்று சூசை சொன்னான். “அக்கா, இன்னைக்கு ஜெயிச்சா உங்களுக்கு வேலை, எனக்குப் புரோட்டா. ரெண்டும் ஒரே பந்துல இருக்கு” என்று சொல்லிப் பூட்டிவிட்டு, சாவியைச் சாரிடம் கொடுக்க ஓடினான்.

பாதி ஆட்டம் வரை யாரும் கோல் போடவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் போயிற்று. திடீரென்று பட் என்று ஒரு சத்தம். பந்து வேலி முள்ளில் போய் விழுந்து பிளாடர் வெடித்தது என்று பிறகு தெரிந்தது. வெளியே உட்கார்ந்திருந்த கூடுதல் ஆட்டக்காரப் பையன் ஒருவன் சாவியோடு ஓடி வந்து திறந்து, “அக்கா பந்து, பந்து” என்றான். தயாராக இருந்ததைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடினான். கதவு திறந்தபடி கிடந்தது. நான் வாசலில் வந்து நின்றேன்.

ரெஃபரி பந்தை அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினார். காற்றுப் போதாதாம். வந்த காலேஜ்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நம்ம பையன்களின் காலுக்காகக் குறைத்து வைத்த பந்து அல்லவா. அப்போதுதான் டைரக்டர் சார் கோட்டோரத்தில் நின்றபடியே திரும்பி, நான் நின்ற வாசலைப் பார்த்தார். நிலையை அல்ல. என் முகத்தைப் பார்த்தார். கையைத் தூக்கி, “பம்பைக் கொண்டு வா” என்றார்.

இதைச் சரியாக எழுத வேண்டும். நம்ம ஊரில் கொண்டா என்றால் இங்கே கொடு என்றும் அர்த்தம் எடுக்கலாம். அவர் கொண்டா என்று சொல்லவில்லை. கொண்டு வா என்றார். அந்த “வா”வைக் கொஞ்சம் நீட்டினார். என் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. பந்து கொண்டுபோன பையன் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான்.

நான் ஒரு மூச்சு நின்றேன். பம்பையும் கொக்கி ஊசியையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனேன்.

அவ்வளவு முகத்தை ஒரே இடத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாரோ ஒரு சின்னச் சீழ்க்கை அடித்தார்கள். தாணு என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான். நான் சேற்றில் மண்டியிட்டு வாரை அவிழ்த்தேன். சூசை கோலை விட்டு ஓடி வந்து பம்ப் அடித்தான். குழாயை மடக்கினேன், சணலைச் சுற்றினேன், நாக்கை மூடினேன், வாரைக் கோத்து முடிச்சைப் புதைத்தேன். சார் என் தலைக்கு மேலே நின்றார். போ என்று சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. ரெஃபரி அழுத்திப் பார்த்தார். பந்து கல்லு மாதிரி இருந்தது. சார் “ம்” என்றார். எனக்குக் கேட்டது.

திரும்பி வந்து வாசலில் நின்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா, கால் நகரவில்லை. பையன்கள் ஓடுவது அழகாக இருந்தது. காதால் கேட்டதைவிட மைதானம் ரொம்பப் பெரிசு. வடக்கே இருந்து வந்தவர்களில் ஒருத்தன் தூரத்தில் இருந்து ஓங்கி அடித்தான். சூசை சரியாகத்தான் எழும்பினான். பந்து அவன் இரண்டு கையிலும் பட்டு, ஈரத்தில் வழுக்கி, பின்னால் போய் விழுந்தது. ஜனங்களிடம் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தெரிந்த அந்த ஒன்றுமில்லாத சத்தம்தான்.

அதற்குப் பிறகு கோல் விழவில்லை. ஷீல்டு வடக்கே போயிற்று.

வராந்தாவில் எல்லாரும் ஈரத்தோடு நின்றார்கள். நான் வெடித்த பந்தை எடுக்கப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒருத்தர், “வந்துட்டால்லா, பின்ன எப்பிடி?” என்றார். மேனேஜரின் ஆட்களும் நின்றார்கள். தாணுவின் கண் சிவந்திருந்தது. அவன் சாரிடம் கேட்டான், “சார், அந்த அக்காவ நீங்க எதுக்குக் கூப்பிட்டிய?”

சார் தூணைப் பார்த்தார்.

“நான் கூப்பிடல்ல. பம்பைக் கொடுத்துவிடுன்னுதான் சொன்னேன்.”

சூசை சொன்னான், “இல்ல சார், கொண்டு வாண்ணுதான் என் காதுல விழுந்துது.”

“உனக்குக் கையே ஒழுங்கா இல்ல லே, இதுல காது வேறயா?” என்றான் தாணு. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சூசை தலையைக் குனிந்துகொண்டான். சார் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெடித்த பந்தோடு நின்றேன். யாரிடம் கொடுத்துவிடுவது சார், அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. பெரியவர்கள் நின்றார்கள். என்னுடைய கூச்சம் எப்பேர்ப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வருஷம் முடிந்ததும் மார்க்கராக ஒரு ஆம்பிளையைப் போட்டார்கள். இரக்கப்பட்டு என்னை ஹாஸ்டல் அடுக்களைக்கு மாற்றினார்கள். அரைக்கவும் கழுவவும். ஓய்வு பெறுகிற வரை அங்கேதான். அதிலே ஸ்திரமும் ஆக்கினார்கள், பல வருஷம் கழித்து. அந்த மைதானத்துப் பக்கம் நான் பிறகு போனதே இல்லை. அடுத்த வருஷமும் டீம் தோற்றது என்று கேள்விப்பட்டேன். அப்போது அடுக்களையில் இருந்த என்னை யாரும் காரணம் சொல்லவில்லை. அது ஒரு ஆறுதலா என்று தெரியவில்லை.

சார் ஓய்வுபெற்ற அன்று ஹாஸ்டலில் விருந்து. நான் பரிமாற நின்றேன். இலையில் வைக்கும்போது என்னைத் தெரிந்துகொண்டார். இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் கழித்து, அதுவும் போகிற அன்று, ஒரு வார்த்தைதானே. அவர் சுவரைப் பார்த்து, “அவியல் நல்லாருக்கு” என்றார்.

நல்ல மனுஷன்தான். வேலை வாங்கிக் கொடுத்தவர். அதனால்தான் ஆறவில்லை.

இதை எழுதி முடித்தபோது சந்தேகம் வருகிறது. ஆகவே டீச்சர் சில விஷயங்களை விசாரித்துப் போட வேண்டும். வருஷம் சரியாக எந்த வருஷம் என்று பாருங்கள். ஷீல்டு வைத்த மேசையில் சிவப்புத் துணியா பச்சைத் துணியா என்றும் தெரியவில்லை, நான் பார்த்தது ஓரக்கண்ணால். டைரக்டர் சார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆயிற்று. சூசை கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று யாரோ சொன்னார்கள். தாணு அவருடைய ஊரில்தான் இருக்கிறாராம், நடமாட்டம் உண்டாம். அவரிடம் போய் ஒரே ஒன்றைக் கேட்க வேண்டும். நான் கேட்டதாகச் சொல்லலாம். அன்றைக்குச் சார் சொன்னது “கொண்டு வா”வா, “கொடுத்துவிடு”வா? சில நாள் ராத்திரியில் என் காதுக்கே “கொடுத்துவிடு” என்று கேட்கிறது. அதுதான் என்று அவர் சொன்னால் நான் எழுதினது முழுக்கக் கிழித்துப் போடுங்கள், வருத்தமில்லை. கொண்டு வா என்று சொன்னால், அந்தப் பிள்ளைகளின் மேட்ச் என்றைக்கு என்று எனக்குச் சொல்லிவிடுங்கள். வேலிக்கு வெளியே நாற்காலி போட வேண்டாம். உள்ளே போடுங்கள்.